அடக்கிய மூச்சு

"மூடியைத் தொறங்கண்ணே. அவர் கையப் பாக்கணும்."

லிகாயா குரலை உயர்த்தியதும் முற்றத்தில் சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் சீட்டைக் கவிழ்த்துவிட்டுத் திரும்பினார்கள். சவப்பெட்டிக் கடைக்காரர் அவளுடைய அம்மா பெலெனைப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்ச நேரத்துல எடுக்கப் போறோம். இப்ப என்னடி கை?" என்றாள் பெலென்.

"தொறங்கண்ணே."

கண்ணாடி மூடி எழுந்தது. அப்பா இசகானி வெள்ளை பாரோங் சட்டையில் படுத்திருந்தார். கோத்துவைத்த விரல்களுக்கிடையில் ஜெபமாலை. லிகாயா அதை விலக்கி வலது கையைத் தூக்கினாள். சந்தேகப்பட்டது சரி. நகமே இல்லை. ஐந்து விரலிலும் சதையோடு ஒட்ட வெட்டியிருந்தது.

அந்த நகங்களுக்காக அவர் வாழ்நாள் முழுக்க ஒரு தட்டுக் கழுவியதில்லை. ஒரு டின் திறந்ததில்லை. உடையாமலிருக்கப் பசை பூசிப் பூசி, வீட்டுக்கு வருகிறவர்கள் வெறிக்கும் அளவுக்கு வளர்த்து வைத்திருந்தார். கிட்டார் அவருக்கு அந்த நகங்களில்தான் இருந்தது.

"யார் வெட்டுனது?"

"நான் தொடல தங்கச்சி," என்றார் கடைக்காரர். "பவுடர் மட்டும்தான் போட்டேன். வரும்போதே இப்படித்தான்."

"அம்மா?"

"கை வலின்னாரு. வெட்டிக்கிட்டாரு. கைய வைடி கீழே, எல்லாரும் பாக்குறாங்க."

"எப்ப வெட்டுனாரு?"

"ஊர்ல இல்லாதவளுக்கு எல்லாம் தெரியணுமா?" பெலென் மூடியை அவளே இறக்கினாள்.

லிகாயா ரியாத்தில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறாள். இதற்கு முன் ஊருக்கு வந்து இரண்டு வருடமாகிறது. வீடியோவில் அப்பா முகத்தை மட்டும் காட்டுவார். பேச்சு சில சமயம் குழறும். பல் செட் சரியில்லை என்பார். பல் சம்பந்தப்பட்ட பொய்யையே அவளிடம் சொல்லியிருக்கிறார், அவளும் நம்பியிருக்கிறாள்.

சமையலறையிலிருந்து டெம்யோ காப்பித் தட்டோடு வந்தார். அவளுடைய ஞானத்தகப்பன். அப்பாவும் அவரும் முப்பது வருடம் ஒரே ஸ்டூடியோக்களில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, யார் யாரோ பாடிய பாட்டுக்கெல்லாம் கிட்டார் வாசித்தவர்கள். கேசட் அட்டையில் பாடகன் படம் இருக்கும், இவர்கள் பேர் இருக்காது. அப்பா தன் பேரில் போட்ட தனி ஆல்பங்கள் மூன்று. விற்காத பெட்டிகள் இன்னும் கட்டிலுக்கடியில் இருக்கின்றன.

டெம்யோ ஒரு கிழவருக்குச் சர்க்கரை போட்டுக் கலக்கினார். லிகாயா அந்தக் கையையே பார்த்தாள். சர்க்கரை டப்பாவை அம்மா எறும்புக்குப் பயந்து அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைப்பாள். வந்த இரண்டு நாளில் லிகாயாவுக்கே அது கிடைக்கவில்லை. இவர் கேட்காமல் எடுத்து வருகிறார்.

டெம்யோதான் நான்காவது ஆல்பத்தைப் பற்றியும் சொன்னவர். மூன்று மாதம் முன்பு அப்பா இதே வீட்டு அறையில் வாசித்துப் பதிவு செய்தாராம். செத்த நாற்பதாம் நாள் வெளியிட வேண்டுமாம். குடும்பம் சரி என்று சொன்னால் போதுமாம். இன்றைக்குச் சவ வண்டி ஒலிபெருக்கியிலும் அதுதான். அவள் போனுக்கும் அனுப்பியிருந்தார்.

சாவு வீட்டில் குளிக்கக்கூடாது என்பதால் துண்டோடு பக்கத்து வீட்டுக்குப் போனாள். குளியலறைக் கதவைத் தாழிட்டு, கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து, இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டு கேட்டாள்.

மெட்டு அப்பாவுடையது. தந்தியில் விரல் வழுக்கும் விதமும் அவருடையது. வேறு யாராயிருந்தாலும் ஏமாந்திருப்பார்கள்.

ஆனால் மூச்சு இல்லை.

அப்பா கூலிக்கு வாசிக்கும்போது செருப்பைக் கழற்றிவிடுவார், தாளம் தட்டும் கால் கேட்கக்கூடாது என்று. மூச்சையும் அடக்கிக்கொள்வார். ஒரு சின்ன வயசுச் சனிக்கிழமை, ஸ்டூடியோ கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று, அப்பா செத்துவிட்டார் என்று அவள் அழுதிருக்கிறாள். தனி ஆல்பங்களில் அப்படியில்லை. ஒவ்வொரு வரிக்கும் முன்னால் மூக்கிலிருந்து ஒரு 'புஸ்' வரும். பதிவு செய்கிறவன் தலையில் அடித்துக்கொள்வான். "என் பாட்டுல நான் எதுக்குடா அடக்கணும்?" என்பார்.

மூன்று பாட்டுக் கேட்டாள். ஒரு இடத்தில்கூட மூச்சு இல்லை. மூச்சை அடக்கிப் பழகிய எவனோ வாசித்தது. எவனோ என்ன. அவளுக்கு யாரென்று தெரியும்.

டெம்யோ வாசலில் சவ வண்டிப் பக்கம் தர்பூசணி விதை கொறித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, அப்பா எந்தக் கையால வாசிச்சாரு?"

"என்ன கேள்வி இது?"

"நகம் இல்ல."

"வாசிச்சப்புறம் வெட்டியிருப்பாரு."

"மூச்சும் இல்ல."

விதை பல்லிடுக்கில் நின்றது. "மைக்கத் தள்ளி வெச்சேன்."

"தள்ளி வெச்சா விரல் உரசுறது மட்டும் எப்படி அவ்வளவு கிட்டக் கேக்குது?"

"நீ ரியாத்ல பல்லு புடுங்குறியா, போலீஸ்ல இருக்கியா?"

"உங்க நகத்தக் காட்டுங்க."

அவர் வலது கையைக் கால்சட்டைப் பையில் விட்டுக்கொண்டார். "யார் வாசிச்சான்னு சொல்ற வழக்கம் எங்க தொழில்ல கிடையாதும்மா. உங்கப்பாவும் சொன்னதில்ல."

"அவர் அடுத்தவன் பாட்டுக்கு வாசிச்சாரு. இது அவர் பேரு. அவர் வாசிக்காதத அவர் தலைமேல கட்டிப் பொதைக்க விடமாட்டேன். அவர் படுத்ததும் மெட்டத் தூக்கிட்டுப் போயிட்டீங்களா? அம்மாவுக்கும் தெரியுமா? ரெண்டு பேரும் சேர்ந்துதானா?"

டெம்யோ விதையைத் துப்பிவிட்டு வண்டிக்கு அந்தப் பக்கம் போனார். திட்டியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

கட்டிலுக்கடியிலிருந்து பழைய ஆல்பத்தின் சிடி ஒன்றை எடுத்துக்கொண்டு வண்டி ஓட்டுநரிடம் போனாள்.

"இந்த வண்டில சிடி போட முடியாதும்மா. பென்டிரைவ் மட்டும்தான். அந்த அண்ணன் குடுத்தது சொருகியாச்சு. வேணாம்னா எங்கிட்ட எல்லாச் சாவுக்கும் போடுற காதல் பாட்டு இருக்கு, போடவா?"

அந்தக் காதல் பாட்டுகளிலும் பாதிக்கு அப்பாதான் வாசித்திருப்பார், மூச்சை அடக்கிக்கொண்டு. லிகாயா சிடியைப் பைக்குள் போட்டாள்.

கடைசியாகப் பெட்டியை மூடுவதற்கு முன் பெலென் கத்தரிக்கோலால் ஜெபமாலையை அறுத்தாள், செத்தவர் வேறு யாரையும் கூட இழுத்துக்கொண்டு போகாமலிருக்க. மணிகள் சட்டைமேல் உருண்டன. ஒரே வெட்டு, நிதானமாக. அதையும் லிகாயா சந்தேகத்தோடுதான் பார்த்தாள்.

வண்டி நடைவேகத்தில் நகர்ந்தது. பின்னால் எல்லாரும் குடையோடு நடந்தார்கள். ஒலிபெருக்கியில் கிட்டார். டிரைசிக்கிள்காரர்கள் ஓரம் ஒதுங்கித் தொப்பியைக் கழற்றினார்கள். "சாகப்போற வயசுல எப்படி வாசிச்சிருக்காரு பாரு," என்றாள் பின்னால் ஒருத்தி. லிகாயா பல்லைக் கடித்துக்கொண்டு டெம்யோவைத் தேடினாள். கூட்டத்தின் வால்பக்கம், தனியாக வந்துகொண்டிருந்தார். கையை இன்னும் பையிலிருந்து எடுக்கவில்லை.

கடைசிப் பாட்டு முடியும்போது வண்டி கல்லறைத் தோட்டத்து வாசலில் நின்றது. கடைசி சுரம் மெலிந்து அடங்கியது. ஓட்டுநர் நிறுத்துவதற்குக் கையை நீட்டினார்.

ஒலிபெருக்கியில் ஒரு மூச்சு கேட்டது.

'புஸ்.' மைக்குக்குப் பக்கத்தில் அல்ல, கொஞ்சம் தள்ளி. அறையின் மூலையில் ஒரு நாற்காலி இருந்தால் அங்கிருந்து வருமளவு தூரம்.

"விடுங்கண்ணே," என்றாள் லிகாயா. ஓட்டுநர் கையை இழுத்துக்கொண்டார்.

நாற்காலி கிரீச்சிட்டது. பிறகு குழறலாக, பாதி வாயால் பேசுகிற குரல்: "டெம்யோ. மறுபடி வாசி. ரெண்டாவது வரில அவசரப்படுற."

"பதினேழாவது தடவ, பாவி," என்றது இன்னொரு குரல்.

மறுபடி அந்த மூச்சு. இந்தத் தடவை அது சிரிப்பு. பதிவு அதோடு நின்றது.

இரண்டு பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். பெலென் வண்டியின் பின்கதவில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் ஆச்சரியம் இல்லை. லிகாயா திரும்பிப் பார்த்தபோது டெம்யோ தரையில் எதையோ தேடுபவர்போலக் குனிந்திருந்தார்.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்தார்கள். கொய்யா இலை போட்டுக் காய்ச்சிய தண்ணீர் வாசலில் இருந்தது. எல்லாரும் கை கழுவிவிட்டு உள்ளே போய் நூடுல்ஸ் தட்டுகளைச் சூழ்ந்துகொண்டார்கள். டெம்யோ சமையலறை ஓரத்தில் வெறும் காப்பியோடு நின்றார். அரிசி டின் இருந்த அலமாரிப் பக்கம் போகவில்லை.

லிகாயா உள்ளே வந்ததும் கோப்பையைக் கீழே வைத்தார்.

"பக்கவாதத்துல கை விழுந்தது உனக்குத் தெரியக்கூடாதுன்னு, கடைசில வர்ற பேச்ச வெட்டிடச் சொல்லியிருந்தாரு. மறந்துட்டேன்," என்றார். "நாப்பதுக்குள்ள வெட்டிடுறேன். நீ சரின்னா."

அவர் எதையும் மறக்கிற ஆள் இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

"வெட்ட வேணாம்."

"பேரு?"

"அப்பா பேருதான். வேற யாரு பேரப் போடுறது?"

டெம்யோ தலையாட்டினார். லிகாயா அரிசி டின்னை நகர்த்தி, பின்னாலிருந்த சர்க்கரை டப்பாவை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். அவர் பையிலிருந்து வலது கையை வெளியே எடுத்தார். கரண்டியைத் துழாவும்போது நீண்ட நகங்கள் டப்பாவின் விளிம்பில் தட்டின, மெதுவாக, ஒன்றன்பின் ஒன்றாக.