ஒரே மாடியில் இரண்டு கம்பங்கள்

"இன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும்தான் பார்ப்பேன். அளவு ஒழுங்கா வரலைன்னா ஆத்துல இருக்கிற அத்தனை பெட்டியையும் கழட்டிடுவேன்" என்றார் மேலதிகாரி. எதற்கெடுத்தாலும் கழட்டச் சொல்வதால் அலுவலகத்தில் அவருக்குக் 'கழட்டல்' என்றே பெயர்.

ஆற்றுநீர் அலுவலகத்துப் பொறியாளருக்கு முகம் சுண்டிப்போயிற்று. ஆற்றில் கழிவு கலந்தால் கம்பியில்லாமலே சேதி அனுப்பும் சென்சார் பெட்டிகள் அவை. கரையெல்லாம் அலைந்து அவளே நட்டவை. ஆனால் நட்ட நாள் முதல் அளவுகளில் பாதிதான் வந்து சேர்கிறது, மீதி காற்றோடு போகிறது.

அந்த நேரம் பார்த்துப் படியேறி வந்தாள் அவளுடைய நாத்தனார். கீழ்த்தளத்து விவசாயிகள் சங்கத்தில், வயல்களின் ஈரத்தை அளக்கும் பெட்டிகள் அவள் பொறுப்பு.

"அண்ணி, சிக்னல் வாங்குற உங்க கம்பம் மொட்டை மாடிக்கு வந்ததுலேருந்து என் பெட்டிங்க ஊமையாப் போச்சு!"

"நல்லா இருக்கே கதை! உன் கம்பம்தான் என் சிக்னலை முழுங்குது."

"அண்ணன்கிட்ட சொல்றேன் இருங்க."

"ஆமா, உங்கண்ணன் வந்து கம்பத்துல ஏறப்போறாராக்கும்!"

குரல்கள் உயர்ந்தன. அவள் நிறுத்த இவள், இவள் நிறுத்த அவள் என்ற நிலைகூடப் போய், இருவரும் சேர்ந்தே பேசினார்கள். கழட்டல் காதைப் பொத்திக்கொண்டார்.

"ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேசினா எனக்கு என்னம்மா விளங்கும்?"

பொறியாளர் சட்டென்று வாயை மூடினாள்.

"ஏய், இரு. உன் பெட்டிங்க எப்ப அளவு அனுப்பும்?"

"மணிக்கு ஒரு தடவை. பெரிய முள் பன்னிரண்டுக்கு வந்ததும், டாண்ணு."

"என்னுதும் அப்படித்தான்டி!"

ஒழுங்கு என்று நினைத்து ஆளுக்கு ஆள் செய்த காரியம். ஒரே அலைவரிசையில், ஒரே நொடியில், எல்லாப் பெட்டிகளும் கத்தியிருக்கின்றன.

"நான் அரை மணிக்குத் தள்ளிக்கிறேன் அண்ணி" என்று இறங்கி ஓடிய நாத்தனார் பாதிப் படியில் திரும்பினாள். "பாலத்துக்கு அந்தப் பக்கத்துப் பெட்டி எட்டலைன்னு புலம்புவீங்களே, நடுவுல என் வயல் பெட்டி இருக்கு. அது அளவை வாங்கி உங்களுக்குக் குடுக்கட்டுமா?"

"கேக்கவா வேணும்? என் கண்ணு!"

அடுத்த மணிக்கு மூவரும் திரைமுன் நின்றார்கள். எண்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஒன்றும் தவறவில்லை. கடைசியாகப் பாலத்துப் பெட்டியும் வாய் திறந்தது.

"ஐயோ, தண்ணியில உப்பு எக்கச்சக்கமா இருக்கு. ஆத்துக்கு மேல்பக்கம் யாரோ சாயக்கழிவைத் திறந்து விட்டிருக்காங்க. உன் ஆளுங்ககிட்ட மோட்டாரை நிறுத்தச் சொல்லு!"

நாத்தனார் அதற்குள் போனில் கத்திக்கொண்டிருந்தாள். கெட்ட தண்ணீர் பாலத்தைத் தாண்டி வருமுன் கரை நெடுக மோட்டார்கள் அடங்கின. ஒரு சொட்டுகூட வயலில் இறங்கவில்லை.

கழட்டல் தொண்டையைச் செருமினார்.

"அப்ப, எதைத்தான் கழட்டுறது?"

இருவரும் மறுபடி ஒன்றாக வாயைத் திறந்தார்கள். அண்ணி சிரித்தபடி கையைக் காட்டினாள். "நீ சொல்லு."

"மாடியில ஒரு கம்பத்தைக் கழட்டுங்க சார். ரெண்டு ஆபீஸுக்கும் ஒண்ணு போதும்."