இருபத்திரண்டு வருசத்துப் போத்தல்

காலையில் இறக்கிய கள்ளை மத்தியானத்துக்குள் குடித்துவிட வேண்டும். அந்தியில் புளிக்கும், விட்டுவைத்தால் வினாகிரியாகும். ஊறுகாய்க்கு மட்டும்தான் உதவும். பேசாலையில் பிறந்த எனக்கு இதற்குமேல் ஒரு சாத்திரமும் தெரியாது. அதனால் மத்தேயு துரை 1890 என்று எழுதிய போத்தலைக் காட்டி, இருபத்திரண்டு வருசம் பழையது என்று பெருமையாகச் சொன்னபோது, மனிதருக்குக் காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது என்றே நினைத்தேன்.

துரை ஸ்பெயின் தேசத்தவர். தலைமன்னாருக்கு இரயில் பாதை போட வந்த இஞ்சினியர். மூன்று வருசமாக நான்தான் அவருக்குச் சமைக்கிறேன். என்னிடம் தமிழ் கற்று என்னோடேயே சண்டை பிடிப்பார், நானும் விட்டுக்கொடுப்பதில்லை. இரண்டு மாதத்துக்கு முன் மலேரியாவில் விழுந்து எழும்பியவருக்கு மூக்கும் நாக்கும் செத்துப்போயின. என் மீன்குழம்புக்கும் வெந்நீருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அவரைவிட எனக்குத்தான் அது அவமானமாக இருந்தது.

போத்தலில் இருந்தது அவருடைய மகள் பிறந்த வருசம் அடைத்து, அவர் ஊரிலிருந்து கையோடு கொண்டுவந்த திராட்சை இரசம். மலைச்சரிவில் நின்ற மூன்று வகைக் கொடிகளின் பழங்களைக் கலந்து செய்ததாம். மகளின் கலியாண நாளன்று தகப்பன் திறந்து முதல் வாய் குடிப்பது அவர்கள் வீட்டு வழக்கம். இரசம் நன்றாக முதிர்ந்திருந்தால் பிள்ளை நன்றாக வாழுமாம், கெட்டிருந்தால் கெட்ட குறியாம். கலியாணம் இன்றைக்கு. கடிதம் பிந்தி வந்ததால் கப்பலேறிப் போய்ச்சேர நாள் போதவில்லை.

அவர் போத்தலைத் திறந்து ஊற்றி, கோப்பையை என்னிடம் நீட்டினார். "எனக்கு ருசி தெரியாது, லூசியா. நீங்கள் குடிச்சுப் பாத்து உண்மையைச் சொல்லுங்கோ."

நான் அதுவரை திராட்சை இரசம் குடித்ததில்லை. பூசையில் சாமியார் குடிப்பதைத் தூரத்தில் முழங்காலில் நின்று பார்த்ததோடு சரி. நிச்சயம் வினாகிரிதான், முகம் சுளிக்காமல் விழுங்கிவிட்டுத் தேன் மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிடலாம் என்று தீர்மானித்தேன். அந்தப் பொய்க்கு மடு மாதாவிடம் முன்கூட்டியே மன்னிப்பும் கேட்டேன்.

குடித்தேன். முதலில் நன்றாகக் கனிந்த நாவற்பழம். அது போகுமுன்னே, பனம்பழக் களியைக் காயவைத்த பினாட்டின் இருண்ட இனிப்பு. பிறகு கராம்பு, கொஞ்சம் அடுப்புப் புகை. கட்டுக்கரைக் குளத்துப் பக்கத்து வயலில் கோடைக்குப் பின் முதல் மழை விழும்போது மணக்குமே, அந்த மணமும் வந்தது. விழுங்கிய பிறகும் அது முடியவில்லை. நாக்கை மெல்லப் பிடித்துக்கொண்டு, மேலும் மேலும் எதையோ காட்டிக்கொண்டே இருந்தது. கெட்டுப்போக இருபத்திரண்டு வருசம் இருந்தும், இருட்டில் கிடந்து இது இப்படி வளர்ந்திருக்கிறதே என்று நினைக்கப் பயமாகக்கூட இருந்தது. கண் கலங்கிவிட்டது. ஆயத்தமாக வைத்திருந்த பொய்யும் வரவில்லை, உண்மையும் வரவில்லை.

துரை என் கண்ணீரைப் பார்த்து வேறு மாதிரி விளங்கிக்கொண்டார். முகம் வெளிறிப்போயிற்று.

கெடவில்லை என்று பதறிக்கொண்டு சொன்னேன். நாவற்பழம், பினாட்டு, மழை மணம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் மெல்லத் தலையாட்டினார்.

"காய்ச்சலுக்கையும் இப்பிடித்தான், நாளைக்கு எழும்பிடுவியள் எண்டு ஒவ்வொரு நாளும் சொன்னனீங்கள்."

சொன்னேன்தான். அவர் பிழைப்பார் என்று அப்போது எனக்கே நம்பிக்கை இருக்கவில்லை. அது அவருக்கும் தெரிந்திருக்கிறது. அவர் தக்கையை எடுத்துப் போத்தல் வாயில் வைத்து அழுத்தத் தொடங்கினார்.

நான் கள்ளுத்தவறணை இருக்கும் தெருவாலும் போகாதவள். ஒரு முட்டிக் கள்ளுக் குடித்ததற்காகப் புருசனை மூன்று நாள் முற்றத்தில் படுக்கவைத்தவள். துரைக்கு அந்தக் கதை நன்றாகத் தெரியும், சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். இந்த மூன்று வருசத்தில் அவருடைய மேசையிலிருந்து ஒரு பிஸ்கட் கூட நான் கேட்டு வாங்கியதில்லை.

வெறுங்கோப்பையை அவருக்கு முன்னால் நீட்டினேன்.

"இன்னும் கொஞ்சம் ஊத்துங்கோ, ஐயா."

தக்கையை அழுத்திய கை நின்றது. அவர் கோப்பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு என் கோப்பையை விளிம்புவரை நிரப்பினார். தனக்கும் ஊற்றி, மகளின் பெயரைச் சொல்லி, ருசி தெரியாத அந்த நாக்கால் ஒரு சொட்டு விடாமல் குடித்தார். குடித்து முடித்துவிட்டு அழுதுகொண்டே சிரித்தார்.

நான் மூன்றாவது தரமும் கோப்பையை நீட்டினேன். அது அவரை நம்பவைப்பதற்காக அல்ல.