கனகலிங்கம் காய்ச்சிய கூழ்

யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் கனகலிங்கம் வீட்டுக் கிணறு, புருசனும் பெண்சாதியும் கோபமாக இருக்கும் நாட்களில் உப்பாகிவிடும். அவர்கள் ராசியானதும் மறுபடி நல்ல தண்ணீராகும். எண்பத்துமூன்றாம் ஆண்டில்தான் இது முதலில் கவனிக்கப்பட்டது. ஒரு சட்டையைத் துவைத்ததற்காகவோ துவைக்காததற்காகவோ இருவருக்கும் வாய்த்தர்க்கம் வந்த காலை, ஒழுங்கை முழுவதும் வீட்டுக்கு வீடு தேத்தண்ணீர் கரித்தது. அந்த ஒழுங்கையில் குடிக்க உதவும் கிணறு அது ஒன்றுதான். ஆகவே அந்த வீட்டு அடுப்படிச் செய்தி எதுவும் ஊருக்கு மறைவாக இருந்ததில்லை. ஒரு மிடறு குடித்துப் பார்த்து, "இண்டைக்கும் சண்டை பிடிச்சிட்டினம்" என்று சொல்லிவிட்டு, சீனியைக் கொஞ்சம் கூடப் போட்டுக்கொள்வார்கள். தண்ணீர் பரிசோதிக்க வந்த உத்தியோகத்தர் ஒருவர் காலையில் ஒரு போத்தலும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு போத்தலும் எடுத்துப்போனார். இடையில், அவருக்கு முட்டையைப் பொரிப்பதா அவிப்பதா என்று வீட்டுக்காரர் பிணங்கியது அவருக்குத் தெரியாது. இரண்டும் இருவேறு ஊர்த் தண்ணீர் என்று முடிவு கட்டி, இந்த ஊர்ச் சனத்தை நம்பக்கூடாது என்று சொல்லிப் போனவர் திரும்பி வரவில்லை.

இவையெல்லாம் பொழுதுபடுமுன் தீர்ந்துவிடும் சண்டைகள். தொண்ணூறாம் ஆண்டு வைகாசியில் வந்தது அப்படியல்ல. சாவகச்சேரியில் தன் தங்கச்சியின் புதுவீட்டுக் குடிபூரலில், தங்கச்சி பனங்கிழங்கு மாவில் காய்ச்சிய ஒடியல் கூழை வயிறுமுட்டக் குடித்த கனகலிங்கம், "கலியாணம் கட்டினதுக்குப் பிறகு இப்பிடியொரு கூழ் நான் குடிக்கேல்லை" என்று நாலு பேர் நடுவில் சொன்னார். நுணலும் தன் வாயால் கெடும். பக்கத்தில் நின்றது பெண்சாதி அருமைநாயகி. கலியாணம் கட்டிய நாள்முதல் அவருக்குக் கூழ் காய்ச்சிக் கொடுத்த கை அது. திரும்பி வந்த பஸ்ஸிலேயே பேச்சு நின்றது. அதன்பிறகு இருவரும் கன்றுக்குட்டியோடுதான் கதைத்தார்கள். "பசிக்குதெண்டு சொல்லு" என்பார் கனகலிங்கம் கன்றிடம். "சோறு அடுப்படியிலை கிடக்கு. தங்கச்சியார் வந்து போட்டுத் தருவா எண்டு காத்திராமல் எடுத்துத் தின்னச் சொல்லு" என்பார் அருமைநாயகி, அதே கன்றிடம். கன்று இருவருக்கும் பொதுவாகத் தலையாட்டியது. கிணறு கடல்போல் ஆயிற்று.

ஆனியில் சண்டை மறுபடி தொடங்கியது. நான் சொல்வது நாட்டுச் சண்டையை. மண்ணெண்ணெய் இல்லாமல் தண்ணீர்ப் பம்பிகள் உறங்க, ஊரார் மிதித்துத் தண்ணீர் இறைக்கும் பழைய துலாக்களை எடுத்து நிறுத்தினார்கள். ஆவணியில் தீவுப்பக்கத்துச் சனம் உடுத்த துணியோடு வந்து ஒழுங்கை முடிவிலுள்ள பள்ளிக்கூடத்தில் தங்கியது. வெயில் மண்ணைப் பிளந்தது. அடுத்த நல்ல தண்ணீர் வயலுக்கு அப்பால் இருந்தது, வயலுக்கு மேலே ஆமி ஹெலிகொப்டர் சுற்றிக்கொண்டிருந்தது. கைக்குழந்தையோடு வந்திருந்த பெர்னடெட் ஒருநாள் குடத்தைக் கிணற்றடியில் வைத்துவிட்டு, "அக்கா, எனக்குப் பால் வத்திப்போச்சு. இந்தத் தண்ணியிலை பால்மாக் கரைச்சுக் குடுத்தால் பிள்ளை குடிச்சதெல்லாம் சத்தி எடுக்குது" என்றாள். அருமைநாயகிக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

பக்கத்து வீட்டு ஞானாம்பிகை இருவரையும் கிணற்றுக்கட்டுக்கு இழுத்து வந்தார். "பச்சைப் பாலனைப் பாருங்கோ. ராசியெண்டு வாயாலை சொல்லுங்கோ." கனகலிங்கம் கிழக்கே பார்த்து ராசி என்றார், அருமைநாயகி மேற்கே பார்த்து ராசி என்றார். வாளி வந்தது. முன்பைவிடக் கரித்தது. அருமைநாயகி கிணற்றுக்கட்டிலேயே குந்தி அழுதார். "மன்னிக்கத்தான் பாக்கிறன். மனம் கேக்குதில்லை. நான் என்ன செய்ய." ஊர் அதற்காக அவரைக் குறை சொல்லவில்லை. ஒரு சொல்லை விழுங்குவது ஒரு முள்ளை விழுங்குவதைவிடக் கடினம் என்பது குடும்பம் நடத்திய எல்லாருக்கும் தெரியும்.

மறுநாள் கனகலிங்கம், அதுவரை அடுப்பு மூட்டியறியாத மனிதர், வாயால் கெடுத்ததைக் கையால் தீர்க்கப் பார்த்து, பள்ளிக்கூட முற்றத்தில் மூன்று கல்லை வைத்துப் பெரிய பானை ஏற்றி அத்தனை பேருக்கும் கூழ் காய்ச்சினார். ஒடியல் மாவை ஊறவைத்துப் பிழிந்து கசப்பை எடுக்கவேண்டும் என்பது யாழ்ப்பாணத்தில் குமரிலிருந்து கிழவிவரை அறிந்த விசயம். குடிக்கமட்டும் தெரிந்த ஆண்கள் அறியாத விசயம். மாவை அப்படியே கொட்டினார். தண்ணீர் உப்பென்பதை மறந்து உப்பும் அள்ளிப் போட்டார். முதல் மிடறோடு பிள்ளைகள் ஓடினார்கள். கனகலிங்கம் பனையோலைப் பிளா நிறைய வார்த்து, கண்ணால் நீர் ஒழுக ஒழுகக் குடித்து, "நல்லாத்தான் கிடக்கு" என்றார். வீம்புக்கு இன்னொரு பிளாவும் வார்த்தார்.

அருமைநாயகி கூட்டத்தை விலக்கி வந்து பிளாவை வாங்கி ஒரு சொட்டு நாக்கில் வைத்தார். பிறகு, கன்று பக்கத்தில் இல்லாததால், நேராக அவரையே கேட்டார்.

"மாவை ஊறப்போட்டனீங்களோ?"

"ஊறப்போடோணுமே?"

அருமைநாயகிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. மண்ணில் குந்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கனகலிங்கம் அத்தனை சனத்துக்கும் முன்னால் சொன்னார்: "இஞ்சாரும், அண்டைக்கு நான் சொன்னது பொய். தங்கச்சியை மனங்குளிரப்பண்ணச் சொன்னது. உம்மடை கையாலை குடிச்ச கூழாலைதான் இந்த உடம்பு நிக்குது."

"இன்னொருக்கால் சொல்லுங்கோ. அங்காலை நிக்கிற ஆக்களுக்குக் கேக்கேல்லை."

அவர் பள்ளிக்கூடக் கூரை அதிரச் சொன்னார்.

அந்த நேரம் கிணற்றடியில் ஞானாம்பிகையின் வாளி உப்பில் இறங்கி நல்ல தண்ணீராக ஏறி வந்தது. சனம் குடத்தோடும் சட்டியோடும் ஓடியது. ஆண்கள் துலாவை மாறி மாறி மிதித்தார்கள். குடித்த தண்ணீர் கழுத்து வழியே வழிய, பிள்ளைகள் கத்திச் சிரித்தார்கள். அருமைநாயகி பானையைக் கவிழ்த்து, மாவை ஊறவைத்து, பொழுதுபடக் கூழ் காய்ச்சினார். மாதங்களுக்குப் பிறகு தன் கையை நினைத்து அவருக்கே பெருமையாக இருந்தது.

பெர்னடெட் ஒரு கை தண்ணீரைக் குடித்துப் பார்த்தாள். "கிணத்துக்கு என்ன மருந்து போட்டனீங்கள்?"

"மருந்தென்ன மருந்து. புருசனும் பெண்சாதியும் கதைச்சுப்போட்டினம்" என்றார் ஞானாம்பிகை.

"அப்ப சரி" என்றாள் பெர்னடெட். "இனிச் சண்டை பிடிக்கிறதெண்டால் முதல்நாள் சொல்லிப்போட்டுப் பிடிக்கச் சொல்லுங்கோ. ரெண்டு குடம் நிரப்பி வைக்கலாம்." குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, பிள்ளைக்குப் பால்மாக் கரைக்கப் போனாள்.