ஊதிக் காட்டு மாமா

இனிக் குடிப்பதில்லை என்று மாரியம்மன் கோயிலில் கையில் கயிறு கட்டிக்கொண்டு புருஷன் மணவாளன் குடியை விட்ட பிறகுதான் புஷ்பவள்ளி கடலூரில் தலைநிமிர்ந்து நடந்தாள். அது 2009. அவன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். இன்னொரு தடவை வாடையோடு வண்டியேறினால் சாவியைப் பிடுங்கிவிடுவோம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள். வேலைகூடக் கிடக்கட்டும், அந்த வேனில்தான் அவர்கள் மகள் வெண்மதியும் போகிறாள். எந்தத் தாய்க்கு வயிற்றில் நெருப்பு இருக்காது?

தினமும் அவன் வீடு திரும்பியதும் வாசலிலேயே நிறுத்துவாள்.

"ஊதிக் காட்டு மாமா."

ஊதுவான். பிராந்தி வாடை இருக்காது. இருமல் மருந்து வாசனைதான் வரும். எதிர்வீட்டு இருசம்மாளுக்குக் கேட்கட்டும் என்றே, "எங்க மாமா இப்ப சொக்கத் தங்கம்" என்பாள்.

செம்மங்குப்பம் கெமிக்கல் கம்பெனிகள் பக்கம் வண்டி ஓட்டித் தொண்டை கமறுகிறது என்றான். சரி என்று இவளே மருந்து வாங்கித் தந்தாள். கொஞ்ச நாளில் தெருமுனை மருந்துக்கடை ராமாமிர்தம் கையை விரித்துவிட்டார்.

"டாக்டர் சீட்டு இல்லாம இனிமே தரமாட்டேம்மா. ஒரு ஆளுக்கு இவ்ளோ ஆவாது."

"இருமறதுக்குக்கூடவா சீட்டு? அவரு திருந்துனது உங்களுக்குப் பொறுக்கலையா?" என்று நடுத்தெருவில் அந்த மனிதரைக் கிழித்துத் தொங்கவிட்டாள்.

அவளுக்குச் சிதம்பரத்தில் ஜவுளிக்கடை வேலை. அங்கே மேலவீதிக் கடையில் ஒரு பாட்டில், தெற்குவீதிக் கடையில் ஒரு பாட்டில் என்று வாங்கினாள். மருந்தின் பெயர் வாயில் நுழையாது, காலிப் பாட்டிலைக் காட்டித்தான் கேட்பாள். வீட்டில் அவன் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கி விழுந்தான், பேச்சு குழறியது, சோறு இறங்கவில்லை. வேலை அலுப்பு என்று காலைப் பிடித்துவிட்டாள், பைத்தியக்காரி.

ஒரு வெள்ளிக்கிழமை சிதம்பரத்தில் மருந்துக்கடைகள் அடைப்பு. வெறுங்கையோடு வந்தாள். மறுநாள் சனிக்கிழமை, நல்ல வேளை பள்ளிக்கூடம் இல்லை. விடிந்ததும் அவனுக்கு வேர்த்துக் கொட்டியது, மூக்கு ஒழுகியது, வாந்தி எடுத்தான். கை நடுக்கத்தில் தம்ளரைப் பிடிக்க முடியவில்லை.

"புஷ்பா, ஒரே ஒரு பாட்டில்... உன் கால்ல விழறேன்" என்றான். நிஜமாகவே விழுந்தான்.

இந்த நடுக்கத்தை அவள் முன்பே பார்த்திருக்கிறாள். பிராந்தி கிடைக்காத நாள்களில் இதே கைதான் இப்படி ஆடும்.

"குடிச்சியா மாமா? உண்மையச் சொல்லு."

மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினான். மஞ்சள் கயிறு அப்படியே இருந்தது. "கயிறு மேல சத்தியம் புள்ள. ஒரு சொட்டு தொட்டிருந்தா ஆத்தா என் கண்ண எடுத்துக்கட்டும்."

அவன் பொய் சொல்லவில்லை. கொடுமையே அதுதான்.

"ஊதிக் காட்டு" என்றாள். ஊதினான். முதல்முறையாக எந்த வாசனையும் இல்லை.

இருசம்மாள் ஆட்டோ பிடித்து வந்தாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் அவன் கண்ணைப் பார்த்துவிட்டு என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டார்.

"அவரு குடிய விட்டுட்டாரு சார்" என்றாள் வழக்கம்போல.

"அதக் கேக்கலம்மா. மாத்திரை, மருந்து?"

பையிலிருந்த காலிப் பாட்டிலை எடுத்து வைத்தாள். டாக்டர் படித்துப் பார்த்தார்.

"இதுல போதை இருக்கும்மா. நிறைய குடிச்சா இதுவும் அடிமையாக்கிரும். தங்கி வைத்தியம் பாக்கணும். வண்டியத் தொடவே கூடாது."

நேற்றுகூட வெண்மதி முன்சீட்டில் உட்கார்ந்து போனது அவளுக்கு ஞாபகம் வந்தது.

"எப்பலேர்ந்து குடிக்கிறாரு?"

புஷ்பவள்ளி புருஷன் கையைப் பார்த்தாள்.

"கயிறு கட்டுன நாள்லேர்ந்து சார்."