களர் மண்ணின் குடிகள்

கயல்விழி ஒரு வருடத்துக்கும் மேலாக வளர்த்த நுண்ணுயிர்களை ஃபஹத் ஒரே மதியத்தில் கொன்றுவிட்டான். அவன் ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்தவன். கெட்ட எண்ணம் கொஞ்சமும் இல்லாதவன். குடுவைகளில் காரத்தன்மை பத்தரை என்று மீட்டர் காட்டவே பதறிப்போய், அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஏழுக்கு இறக்கிவைத்திருந்தான்.

“யாரோ தப்பா கலந்துட்டாங்கக்கா. நான் சரி பண்ணிட்டேன்.”

விரலை விட்டால் தோல் வழுக்கி எரியும் சோடாக் கரைசல்தான் அந்த உயிர்களுக்கு வீடு. நமக்கு நல்ல தண்ணீர் அவற்றுக்கு விஷம். இதை ஆய்வகத்தில் கயல்விழி சொல்லாத ஆள் இவன் ஒருவன்தான். உறைபெட்டியில் மாற்றாக எடுத்துவைத்திருந்த கொஞ்சமும் போன மின்வெட்டிலேயே வீணாகிவிட்டது.

இனி அவற்றை முதலில் எடுத்த மண்ணுக்கே போகவேண்டும். மறுநாள் காலையில் தஞ்சாவூரில் பஸ் ஏறினாள். அதிராம்பட்டினம் போகிற வழியில், வாய்க்கால் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் ஓர் ஊரில் மாரியப்பனின் வயல் இருந்தது. சுற்றிலும் நெல் விளையும். நடுவில் ஒரு திட்டு மட்டும் வெள்ளை பூத்து, புல்கூட முளைக்காமல் கிடக்கும். அவ்வளவு காரமான களர்த் திட்டை அவள் வேறெங்கும் பார்த்ததில்லை.

வரப்பில் ஏறும்போதே டிராக்டர் சத்தம் கேட்டது. திட்டின் முக்கால்வாசியில் காரத்தை முறிக்கும் ஜிப்சம் கொட்டி உழுது, தண்ணீரும் கட்டியிருந்தார்கள். அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சேற்றில் ஓடி, டிராக்டருக்கு முன்னால் போய் நின்றாள்.

“ஏண்ணே இப்படிப் பண்ணுனீங்க?”

மாரியப்பனுக்கு ஒன்றும் புரியவில்லை. “நீதானம்மா சொன்ன, மண்ணு பத்தரைல நிக்குது, நெல்லுக்கு ஆகவே ஆகாதுன்னு. அதான் வேளாண்மை ஆபீஸ்ல கேட்டு ஜிப்சம் வாங்கிப் போட்டேன்.”

சொன்னது உண்மைதான். அவள் அதைப் புகழ்ச்சியாகச் சொல்லியிருந்தாள். தன்மேல் வந்த எரிச்சலையும் சேர்த்து அவரிடம் காட்டினாள். ஒரு கட்டில் அகலத்துக்காவது விட்டுவைக்கக்கூடாதா என்று கெஞ்சினாள்.

“எங்கப்பா காலத்துலேர்ந்து இந்த எடத்துல ஒரு நெல்லு வெளஞ்சதில்ல. ஒன் பூச்சிக்குத் தோதா இருக்கட்டும்னு நான் வயல தரிசா போடணுமா?”

அவர் பக்கம் நியாயம் இருந்தது அவளுக்கு இன்னும் ஆத்திரமூட்டியது. டிரைவர் டீ குடித்துவிட்டு வருவதற்குள் மிச்சமிருக்கும் மூலையில் வேண்டிய மண்ணை வெட்டிக்கொள்ளச் சொல்லி, அவரே மண்வெட்டியை எடுத்துக் கொடுத்தார்.

கொண்டுவந்த புட்டிகள் நிரம்பின. சாப்பாட்டு டப்பாவும் நிரம்பியது. மாரியப்பன் உதவிக்கு ஒரு சாக்கைக் கொண்டுவந்தார். அது ஜிப்சம் இருந்த சாக்கு. வேண்டாம் என்றாள். அவர் மனைவி தனபாக்கியம் உள்ளே போய்ப் பளபளவென்று ஒரு பித்தளைக் குடத்தைத் தூக்கிவந்தார். இப்போதுதான் புளி போட்டு விளக்கியதாம்.

“ஐயோ அக்கா, புளி ஆகவே ஆகாது. அழுக்கு வாளி ஒண்ணு இருந்தா குடுங்க, போதும்.”

நல்ல குடத்தைத் தள்ளிவிட்டு அழுக்கு வாளி கேட்கிறவளைத் தனபாக்கியம் ஒருமாதிரி பார்த்தார். ஆனாலும் மாட்டுக் கொட்டகைக்குப் போய் ஒரு பிளாஸ்டிக் வாளியைத் தேடிக் கொடுத்தார்.

அந்த வாளியோடு பஸ்ஸில் வந்தபோது பக்கத்து சீட்டில் யாரும் உட்காரவில்லை. ஆய்வகத்தில் மறுபடி சோடாக் கரைசல் கலந்தாள். ஃபஹத்தைப் பக்கத்தில் நிறுத்தி, அவன் கையாலேயே காரத்தை ஏற்றவைத்தாள். பாதி மண்ணில் ஒன்றும் எழவில்லை. மீதியில், இரண்டாம் வாரம், ஒரு குடுவை மெல்ல ரோஜா நிறத்துக்குக் கலங்கியது. நுண்ணோக்கியில் குச்சி குச்சியாக ஏதேதோ துடித்துக்கொண்டிருந்தன. ஃபஹத் வெகுநேரம் குனிந்து பார்த்தான். பிறகு, இதையா கொன்றேன் என்று மெதுவாகக் கேட்டான். அவனைத் திட்டுவதற்கு எடுத்துவைத்திருந்த சொற்களை விட்டுவிட்டு, அவள் அடுத்த குடுவையை அவன் கையில் கொடுத்தாள்.

சம்பாப் பயிர் பிடித்ததும் மாரியப்பன் போன் செய்தார். திட்டில் நாற்று பச்சை கட்டிவிட்டதாம். ஓரத்தில் மட்டும் கொஞ்சம் மஞ்சளாம். கயல்விழிக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்படி இருந்ததே அவளுக்கு எரிச்சலாகவும் இருந்தது.

“இதப் பாத்துட்டு ஊருல களர் வச்சிருக்கவங்க அத்தன பேரும் ஜிப்சத்துக்கு எழுதிக் குடுத்துட்டாங்கம்மா,” என்றார் அவர் பெருமையாக. “நாளைக்கு லாரி வருது.”

அவள் போனைக் காதில் வைத்தபடியே ஃபஹத்தைக் கூப்பிட்டு, கையில் அகப்படுகிற வாளிகளையெல்லாம் எடுக்கச் சொன்னாள்.