முதல் துண்டு கடைசியில்

இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் கல்யாணம் முடிந்துவிட்டது. புரூஃப் அக்கா பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, இன்னும் ஏதாவது மிச்சம் இருக்குமோ என்று பின்னட்டை வரை புரட்டிப் பார்த்தாள். ஒன்றுமில்லை. பழைய புத்தகக் கடையின் ரப்பர் முத்திரை மட்டும் பாதி அழிந்து கிடந்தது.

அந்தப் பதிப்பகத்தில் எல்லோருக்கும் அவள் புரூஃப் அக்காதான். சேர்ந்து பத்தொன்பது வருஷம். போன மாதம் முதலாளி அவள் மேஜை அருகே வந்து நின்று, "இத்தன வருஷமா நாங்க போடறத திருத்திக் குடுத்தீங்க. இந்த வருஷம் ஒண்ணு உங்க இஷ்டம்மா. சொல்லுங்க, மறுபதிப்பா போட்டுடலாம்" என்றார். அவள் யோசிக்கவே இல்லை. கல்லூரி நாளில் படித்த இந்தக் காதல் நாவலின் பெயரைச் சொன்னாள். எங்கெங்கோ அலைந்து ஒரே ஒரு பிரதியைப் பிடித்து வரவழைத்தாயிற்று. இன்று ஐந்து மணிக்கு இந்த வருஷப் புத்தகங்களின் பட்டியல் அச்சகத்துக்குப் போக வேண்டும். "ஒரு தடவ முழுசா பார்த்துட்டு சரின்னு சொல்லிடுங்க" என்று காலையில்தான் சொல்லிவிட்டுப் போனார்.

மதியச் சாப்பாட்டு வேளையில் எத்தனை முறை அவள் இந்தக் கதையைச் சொல்லியிருப்பாள். வெளிநாட்டில் ஒரு ரயில் நிலையம். பனி கொட்டுகிறது. ஒரு பெண் பெட்டியோடு தனியாக நிற்கிறாள். அவளை அழைத்துப் போக யாரும் வரவில்லை. அவளுக்குப் பயமும் இல்லை. "அப்புறம்?" என்று டைப் செய்யும் பெண்கள் கேட்பார்கள். "அப்புறம் ஒண்ணுமில்ல. அதோட முடிஞ்சிடும்" என்பாள். சொல்லும்போதே அவளுக்கு மெல்லப் புல்லரிக்கும்.

அந்த ரயில் நிலையம் ஐம்பத்திரண்டாம் பக்கத்தில் இருந்தது.

ஐம்பத்து மூன்றாம் பக்கத்தில் அவன் வந்துவிட்டான். அதன்பின் அவன் போகவே இல்லை. அவளுடைய சிவப்புக் கோட்டு எடுப்பாக இல்லை என்றான், அவள் சாம்பல் நிறத்துக்கு மாறினாள். அவள் வரைந்த படங்களைப் பார்த்து, பொழுதுபோக்குக்குச் சரி என்றான், அவள் தூரிகைகளைக் கட்டி வைத்தாள். அவன் கோபித்துக்கொண்டால் அது அன்பு. அவள் அழுதால் அதுவும் அன்பு. எழுதியவர் அந்த ஊரை எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டார் போலிருந்தது. கோடையிலும் பனி கொட்டியது, அத்தியாயத்துக்கு நான்கு தடவை யாராவது காபி குடித்தார்கள். நாற்பத்தேழு வயதில் இதையெல்லாம் படித்துச் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் சிரிப்பு வரவில்லை. வீட்டில் பேசி முடித்த சம்பந்தத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஒற்றைப் பெட்டியோடு இந்த ஊர் பஸ் நிலையத்தில் வந்து இறங்கிய காலையில் அவள் நினைத்துக்கொண்டது அந்தப் பெண்ணைத்தான். அப்படி நிற்கலாம், ஒன்றும் ஆகிவிடாது என்று அவளுக்குச் சொன்னது இந்தப் புத்தகம்தான். அந்தப் புத்தகம் எங்கே போயிற்று?

விடுதி அறை கண்முன் வந்தது. நான்கு கட்டில்கள், ஒரு மின்விசிறி, ஈரத் துணி வாசனை. நால்வரும் விலங்கியல் மாணவிகள். தேர்வுக்கு முந்தைய வாரம், நாவல் கையில் இருந்தால் வார்டன் பிடுங்கிக்கொள்வாள். சர்ஜன் என்று அவர்கள் கூப்பிட்ட தோழிதான் வழி கண்டுபிடித்தாள். தவளை அறுக்கும் கத்தியை எடுத்து, முதுகுத் தையலோடு புத்தகத்தை நான்கு துண்டாகப் பிரித்தாள். ஒரு துண்டு ஒரு நோட்டுக்குள் கச்சிதமாக அடங்கியது. நான்கு பேரும் தலை குனிந்து படித்த அந்த நான்கு நாளும், எங்கள் பிள்ளைகள் திருந்திவிட்டார்கள் என்று வார்டன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

சர்ஜனோடு இப்போது புத்தாண்டு வாழ்த்து அனுப்பிக்கொள்வதோடு சரி. மணி நாலரை. அவள் எண்ணை அழுத்தினாள்.

"சர்ஜன்?"

மறுமுனையிலும் பதிலுக்கு விடுதிப் பெயர்தான் வந்தது. "அடியே, புழு. அந்தப் பேரு எனக்கே மறந்து போச்சு. யாரு செத்தா?"

"யாரும் சாகல. நாம அறுத்துப் படிச்சோமே ஒரு நாவல், அது கடைசியில எப்படி முடியும்?"

"இத கேக்கவா போன் பண்ண? கல்யாணந்தான். அவன் வாங்கிக் குடுத்த கோட்ட போட்டுக்கிட்டு நிப்பா. அழகா எழுதியிருப்பாங்கல்ல."

"ரயில்வே ஸ்டேஷன்ல முடியாது?"

"அது மொத துண்டோட முடிவுடி. உனக்கு நாலாம் துண்டுதான மொதல்ல கெடச்சுது. நீ குளிக்கப் போனா ஒரு மணி நேரம், வர்றதுக்குள்ள நாங்க ஆளுக்கொண்ணு எடுத்துட்டோம். அப்புறமும் மிச்சம் மீதிதான் உனக்கு. நாலு, மூணு, ரெண்டு, ஒண்ணு. தலகீழா படிச்சவ நீ ஒருத்திதான்."

பக்க எண்கள் அன்று தெரியாமல் இல்லை. ஒரு பக்கம் இடம் மாறினால் பத்தடி தள்ளி நின்றே கண்டுபிடிப்பவள் என்று அலுவலகத்தில் அவளுக்குப் பெயர். ஆனால் மனசு எண்ணைப் பார்த்தா அடுக்குகிறது? அவள் படித்த கதையில் ஒருத்திக்கு முதலில் கல்யாணம் ஆகியிருந்தது. பிறகு அவனோடு சண்டை. பிறகு அவன் வெறும் அறிமுகம். தூரிகைகள் திரும்பி வந்தன. கடைசியில் அவன் இல்லவே இல்லை.

"உனக்கு வரிசையா கெடச்சுதா?" என்று கேட்டாள்.

"கத்தி என்னோடது, எனக்குக் கெடைக்காம? மொதல்லேர்ந்து கடைசி வரைக்கும் ஒழுங்கா படிச்சேன். படிச்சு முடிச்சுட்டு, எனக்கும் இந்த மாதிரி ஒருத்தன் கெடைக்கணும்னு வேண்டிக்கிட்டேன்." சர்ஜன் சிரித்தாள். "கெடச்சான். கோட்டு மட்டுந்தான் இல்ல."

உள்ளிருந்து ஓர் ஆண்குரல், யார் போனில் என்று கேட்டது. "காலேஜ் ஃபிரெண்டு" என்றாள். சீக்கிரம் முடி என்றது அந்தக் குரல். பாத்திரம் ஒன்றை வைக்கும் சத்தம். பிறகு செருப்பு மாட்டும் சத்தம்.

முதலாளி கையில் பட்டியலோடு கதவருகே வந்து நின்று புருவத்தை உயர்த்தினார். பட்டியலில் கடைசி வரி அவளுடையது. இனி இப்படி ஒரு வருஷம் வருமா என்பது தெரியாது. அச்சடித்தால் வரிசையாகத்தான் அடிக்க வேண்டும். வரிசையாகத்தான் பெண்கள் படிப்பார்கள். அவள் போனைக் காதிலிருந்து எடுக்காமல், வேண்டாம் என்று தலையை அசைத்தாள்.

"நிஜமாவா?" என்றார் அவர். அவள் மறுபடி அசைத்தாள். அவர் பட்டியலைச் சுவரில் வைத்து, அந்த வரியை அடித்துவிட்டுப் போனார்.

"புழு, இருக்கியா?" சர்ஜன் மூச்சு வாங்கினாள். "மாடிக்கு வந்துட்டேன். நீ படிச்சியே, அந்த மாதிரி எனக்குச் சொல்லு."

"கல்யாணத்துலேர்ந்து ஆரம்பிக்கணும். நேரமாகும்."

"ஆகட்டும்."

பிளாஸ்டிக் வாளி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்காருவது கேட்டது. பின்னால் நல்ல காற்று. கொடியில் ஏதோ துணி கிளிப்பிலிருந்து நழுவி, படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தது. சர்ஜன் எழுந்துபோய் அதைப் பிடிக்கவில்லை.