எழுந்து நிற்காத பதக்கம்

வடக்குப்பட்டு மோகன் வீட்டில் வருடாவருடம் ஆகஸ்ட் பதினைந்து காலை எட்டு மணிக்கு நாற்பத்தோரு வெள்ளிப் பதக்கங்கள் தாமாகவே விளிம்பில் எழுந்து நிற்கும். எல்லாம் சுதந்திர நினைவுப் பதக்கங்கள்; வெள்ளிவிழா, பொன்விழா என்று பன்னிரண்டு வருடமாகத் தேடிச் சேர்த்தவை. எதிரே அவன் வேலை செய்யும் கம்பெனியில் கொடியேற்றிப் பாட்டு முடிகிறவரை நிற்கும், பிறகு படுத்துவிடும். ஊரார் வந்து பார்த்து, மிட்டாய் வாங்கிக்கொண்டு ஷிப்ட் பஸ்ஸுக்கு ஓடுவார்கள்.

2022 ஜூலையில் நாற்பத்திரண்டாவது வந்தது. கம்பெனி கேன்டீனில் தட்டு கழுவும் மண்ணூர் ஞானம்மா கொடுத்தது. அவள் அப்பா நயினார் சுதந்திரத்துக்காக ஜெயிலுக்குப் போனவர். வெள்ளிவிழாவில் கிடைத்த பதக்கத்தின் பின்புறம் மகள் பெயரை ஆணியால் கீறி, அவள் கல்யாணத்தன்று கொடுத்தார். அவருக்கு போட்டோ கிடையாது. அந்தக் கோணல் எழுத்துதான் மிச்சம்.

"ரோடு போட வூட்ட இடிக்கிறாங்க தம்பி. வேற எடம் கெடைக்கிற வரிக்கும் உங்கிட்ட இருக்கட்டும். பதினஞ்சாந்தேதி வந்து பாத்துக்கிறேன்" என்றாள். எழுத்தைப் பற்றிச் சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

மோகன் பதினெட்டு வருடம் பைனல் இன்ஸ்பெக்ஷனில் கீறல் விழுந்த பீஸை ரிஜெக்ட் பண்ணிக்கொண்டிருந்தவன். கறுத்த வெள்ளியில் அது அவனுக்குக் கீறலாகத்தான் பட்டது. மெருகேற்றும் பஃபிங் சக்கரத்தில் கொடுத்துத் தேய்த்துவிட்டான்.

பதினைந்தாம் தேதி நாற்பத்தொன்று எழுந்தன. ஒன்று படுத்தே கிடந்தது. ஞானம்மா அதைத் திருப்பினாள். அவள் முகம்தான் பளபளவென்று தெரிந்தது.

"இன்னா தம்பி, உங்க லைன்ல என் பேரையும் ரிஜெக்ட் பண்ட்டியா?"

அழவில்லை. அன்று வேலைக்கும் போகவில்லை.

அடுத்த வருடம் மோகன் லேசர் மெஷினில் அவள் பெயரைப் பொறித்து வைத்தான். மயிரிழை பிசகவில்லை. பதக்கம் அசையவுமில்லை. மோகன் ஆறு கிலோ இளைத்தான். கீறல் விழுந்த பீஸையெல்லாம் பாஸ் பண்ணி இரண்டு மெமோ வாங்கினான்.

2024ல் ஞானம்மா ஏழரைக்கே ஆணியோடு வந்தாள். "என் பேர அவரு எழுதுனாரு. அவரு பேர நான் எழுதறேன்." லேசர் எழுத்தின் குறுக்கே 'நயினார்' என்று கீறினாள். கடைசி எழுத்து விளிம்பைத் தாண்டிப் போயிற்று. மோகனுக்குக் கை பரபரத்தது. முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

எட்டு மணிக்கு நாற்பத்திரண்டும் எழுந்தன. பாட்டு முடிந்து மற்றவை படுத்தன. நயினாருடையது, சற்றே சாய்ந்தபடி, நின்றுகொண்டேயிருந்தது. புது வீடு கிடைத்ததும் ஞானம்மா அதை உள்ளங்கையில் நிற்கவைத்தே ஷிப்ட் பஸ்ஸில் கொண்டுபோனாள். இப்போது அவள் வீட்டு ஃபிரிட்ஜ் மேல் நிற்கிறது. வெள்ளிக்கிழமைகளில் அதைச் சுற்றித்தான் தூசு துடைக்கிறாள்.